நோய்க்கு வொர்க் பெர்மிட் கிடையாது

உடல்நலப் பகுதி
எழுதுபவர்: தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர்



போன மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர், மருந்தைக் கையில் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அவருடைய மகன் விடியற்காலையில் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவன்.

"டிரஸர் ஐயா, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சிங்கப்பூர்ல எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிங்க இருக்கு, எத்தனை டாக்டருங்க இருக்காங்க! அப்படி இருந்தும் கொரோனா வந்த வருஷம், ஊர்ல இருந்து வந்த பையன்களுக்கு மட்டும் ஏன் அப்படிக் கொத்துக் கொத்தாப் பரவிச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த இதழில் அவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேறு, சுகாதாரம் வேறு

நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். வியாதி வந்தவருக்கு வைத்தியம் பார்ப்பது ஆஸ்பத்திரி. வியாதி வராமல் தடுப்பது சுகாதார இலாகாவின் வேலை. தண்ணீரைப் பரிசோதிப்பது, கொசு முட்டையைத் தேடி அழிப்பது, தடுப்பூசி போடுவது, எந்த இடத்தில் எத்தனை பேருக்கு என்ன வியாதி என்று கணக்கு வைப்பது எல்லாம் இதில் சேரும்.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஓர் இலாகாவுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். யார் எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கக் கண் வேண்டும். அவர்கள் பாஷையில் பேச வாய் வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகக் கால் வேண்டும். தப்பு நடக்கும் இடத்தில் தடுத்து மாற்றுவதற்குச் சட்டமும் பணமும் உள்ள கை வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கஷ்டம் வசதியுள்ளவன் தலையில் விழாது, கடைசி லயத்தில் இருப்பவன் தலையில்தான் விழும்.

"எல்லாருக்கும் சமமாத்தானே செய்யறோம்" என்று சிலர் சொல்வார்கள். எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுப்பது சமம் போலத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, இன்னொரு வீட்டில் ஓடைத் தண்ணீர் என்றால், ஓடைத் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்குத்தான் முதலில் குழாய் போட வேண்டும். தேவை எங்கே அதிகமோ அங்கே கவனம் அதிகம் போக வேண்டும். சுகாதாரத்தில் நீதி என்பது இதுதான்.

2020ஆம் ஆண்டு நடந்தது என்ன?

சிங்கப்பூரில் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 23ஆம் தேதி கண்டுபிடிக்கப்பட்டார். ஆரம்ப வாரங்களில் அந்த நாடு நோயாளியோடு பழகியவர்களை ஒருவர் விடாமல் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்திய விதத்தை உலகமே பாராட்டியது. அந்தப் பாராட்டு நியாயமானதுதான்.

மார்ச் மாதக் கடைசியில் பொங்கோலில் உள்ள எஸ்11 என்ற தொழிலாளர் விடுதியில் நோய் தெரிந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி அந்த விடுதியும் தோ குவானில் உள்ள இன்னொரு விடுதியும் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் தனிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. முதல் விடுதியில் சுமார் 13,000 பேர். இரண்டாவதில் சுமார் 6,800 பேர். இரண்டும் சேர்ந்தால் ஒரு சிறு பட்டணத்து ஜனத்தொகை! ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய் உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதித் தொழிலாளர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த பிள்ளைகள்.

அந்த வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். மூக்குச் சளிப் பரிசோதனையில் நோய் உறுதியானவர்கள் 54,505 பேர். நோய் வந்து போனதற்கான அடையாளம் இரத்தத்தில் தெரிந்தவர்கள் இன்னும் 98,289 பேர். ஆக நூற்றுக்கு 47 பேரை அந்தக் கிருமி தொட்டுவிட்டது. விடுதிக்கு வெளியே ஊருக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரைக்கூட அது அப்போது தொடவில்லை. ஒரே தீவு, ஒரே காற்று, ஒரே கிருமி. வித்தியாசம் படுக்கும் இடத்தில்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் விடுதிக்குள்ளேயே டாக்டர்களைக் கொண்டு போய் உட்கார வைத்தது. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் தொழிலாளியிடம் காசு கேட்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள் என்பதும் சேர்ந்து, அந்த வருஷம் விடுதித் தொழிலாளர்களில் கோவிட்டால் இறந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று அறிவிக்கப்பட்டது. வைத்தியத்தில் சிங்கப்பூர் தோற்கவில்லை. தோற்றது வைத்தியத்துக்கு முந்தின கட்டத்தில்.

எந்த உறுப்பு குறைந்தது?

முதலில் கண். குடிமகனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மானியத்தோடு அரசாங்க பாலிகிளினிக்குக்குப் போகிறான். அவன் வியாதி கணக்கில் ஏறுகிறது. வொர்க் பெர்மிட்காரருக்கு அந்த மானியம் கிடையாது. அவருடைய வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று விதி சொல்கிறது. ஆனால் முதலாளியிடம் போய்க் கேட்கத் தைரியம் வேண்டுமே! காய்ச்சல் வந்தால் தேக்காவில் இரண்டு பனடால் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவனை எந்த இலாகாவின் கண் பார்க்கும்?

இரண்டாவது கை. இதுதான் முக்கியம். ஓர் அறையில் எத்தனை கட்டில் போடலாம், எத்தனை பேருக்கு ஒரு கக்கூஸ் என்பதை முடிவு செய்தது சுகாதார அமைச்சு அல்ல. விடுதிகள் மனிதவள அமைச்சின் பொறுப்பில் இருந்தன. 2015இல் வந்த விடுதிச் சட்டம் 1,000 கட்டிலோ அதற்கு மேலோ உள்ள பெரிய விடுதிகளுக்குத்தான் பொருந்தியது. அறைக்கு 12 முதல் 20 பேர் வரை இரட்டைக் கட்டிலில் படுத்தார்கள். கக்கூஸ் கணக்கு 15 பேருக்கு ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் "ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் என்ன பிரயோஜனம்? தள்ளி நிற்க இடம் எங்கே? டாக்டர் கையில் ஊசி இருந்தது, கட்டிலைத் தள்ளிப் போடும் அதிகாரம் இல்லை.

மூன்றாவது கால். விடுதிகள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருப்பவை. இலாகாவின் கால் போகாத இடத்துக்குத் தொண்டர்கள்தான் போனார்கள். ஹெல்த்சர்வ் என்ற அமைப்பு 2006 முதல் குறைந்த கட்டணத்தில் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்து வருகிறது. டி.டபிள்யூ.சி.டூ என்ற அமைப்பு 2008இல் தேக்கா கஃப் ரோட்டுத் திட்டத்தைத் தொடங்கி, காயம் பட்டு வேலையில்லாமல் நிற்கும் தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டது. நல்ல மனிதர்கள். ஆனால் தொண்டர்கள் கொடுக்கும் சோறு ஓர் ஊரின் சுகாதாரத் திட்டம் ஆகிவிடாது.

நான்காவது வாய். தமிழிலும் வங்காளத்திலும் அறிவிப்புகள் வந்தன. டாக்டருக்கும் தொழிலாளிக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்ல இளைஞர்கள் முன்வந்தார்கள். ஆனால் நெருப்புப் பிடித்த பிறகுதான் இதெல்லாம் வேகமாக நடந்தது.

தேக்காவில் கேட்ட பேச்சு

என் அக்கா வீடு சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு நடை நடப்பேன். அப்படி ஒரு தடவை திடலில் உட்கார்ந்திருந்த ஒரு புதுக்கோட்டைக்காரத் தம்பியோடு பேசினேன். வயது முப்பத்தெட்டு இருக்கும். காலில் கட்டு. என்ன தம்பி என்றேன்.

கோவிட்டுக்கு முந்தின வருஷம் வேலை இடத்தில் ஆணி குத்தியதாம். யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளை அப்பிக்கொண்டு மூன்று வாரம் பூட்ஸ் போட்டு நடந்திருக்கிறார். புண் அழுகிய பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே போனபோதுதான் தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே தெரிந்ததாம். ஒரு விரல் போய்விட்டது. அன்றைக்குக் கட்டியிருந்தது அதே காலில் மறுபடி வந்த புண்.

"ஏன் தம்பி முதல்லயே டாக்டரைப் பார்க்கல?" என்று கேட்டேன்.

"டாக்டரைப் பார்க்கப் பயம் இல்லைண்ணே. டாக்டர் கொடுக்குற லீவுக்குத்தான் பயம். மூணு நாள் எம்.சி. எடுத்தா சூப்பர்வைசர் மூஞ்சி மாறுது. பெர்மிட்டை வெட்டி அனுப்பிட்டா, ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை யாரு கட்டுறது?" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு பதிலில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தத் தம்பியின் விரலை எடுத்தது ஆணியும் சர்க்கரையும் மட்டுமா? கடனும் பயமும் சேர்ந்துதான் எடுத்தன. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தவர் மூன்று வாரம் அங்கே போகவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தின பாடம்

இது புதுக் கதையும் அல்ல. தேக்காவில் பழைய கடைவீட்டு வரிசைகளின் பின்புறம் போய்ப் பாருங்கள். பின்சந்து இருக்கும். சிங்கப்பூரின் பழைய பகுதிகளில் இந்தப் பின்சந்துகள் எப்படி வந்தன தெரியுமா?

சிம்ப்சன் என்ற சுகாதாரப் பேராசிரியர் 1907இல் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், காற்றும் வெளிச்சமும் புகாத சின்னச் சின்னத் தடுப்பறைகள், அதற்குள்ளே நெருக்கியடித்துப் படுக்கும் கூலி ஜனங்கள், அவர்களிடையே காச நோய். இதையெல்லாம் பார்த்த அவர் மருந்தோடு நிறுத்தவில்லை. வீட்டு வரிசைகளுக்கு நடுவே பின்சந்து வெட்டுங்கள், காற்றும் வெளிச்சமும் வரட்டும், மலவாளி எடுப்பவர் பின்பக்கமாக வந்து போகட்டும் என்றார். வேலை மெதுவாகத்தான் நடந்தது. மலவாளி எடுக்கும் முறையே 1987 ஜனவரியில்தான் சிங்கப்பூரில் அடியோடு முடிவுக்கு வந்தது.

நம் பக்கத்திலும் அப்படித்தான். 1901இல் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் மலேரியா ஜனங்களை வாரிக்கொண்டு போனது. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கொய்னா கொடுத்ததோடு நிற்காமல் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்ட வைத்தார். மலேரியா இறங்கியது. கால்வாய் வெட்டும் செலவுக்கு அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்ததுதான் அவருடைய பெரிய வைத்தியம்.

பிறகு என்ன மாறியது?

அடிபட்ட பிறகு சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை. நமக்கும் உதவும் என்பதால் மாற்றங்களைச் சொல்கிறேன்.

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு அளவு வகுத்தார்கள். அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர். 6 பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளியலறை. அறையோடு சேர்ந்தே அவை இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் விடுதித் தொழிலாளர்களுக்கு அடிப்படை வைத்தியத் திட்டம் வந்தது. முதலாளி ஆளுக்கு வருஷச் சந்தா கட்ட வேண்டும். தொடங்கியபோது வைத்த கணக்குப்படி, கிளினிக்குக்குப் போனால் தொழிலாளி கொடுப்பது 5 வெள்ளி, போன் வழியாக டாக்டரிடம் பேசினால் 2 வெள்ளி. தீவை ஆறு வட்டாரமாகப் பிரித்து விடுதிகளுக்கு அருகில் வைத்திய நிலையங்கள் வைத்தார்கள். அவற்றை நடத்த எடுத்துக்கொண்ட அமைப்புகளில் ஒன்று சாட்டா. 1947இல் காச நோயை எதிர்க்கத் தோன்றிய அதே சங்கம்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் விடுதிச் சட்டம் 7 கட்டில் உள்ள சிறு விடுதிகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மருத்துவ இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்று வேலையைத் தொடங்கியது.

கண்ணும் காலும் கையும் பலமாகியிருக்கின்றன. ஆனால் முடிந்துவிட்டதா? பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்கால அளவுக்கு வந்தால் போதும். புதிய அளவுக்கு முழுதாக வர 2040 வரை தவணை. இன்றைக்கு இருபத்தைந்து வயதில் விமானம் ஏறி வரும் பையனுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிவிடும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. 2020 ஜூன் மாதமே ஊர் ஜனங்களுக்குக் கட்டுப்பாடு தளர ஆரம்பித்தது. விடுதித் தொழிலாளியோ வேலைக்கும் விடுதிக்கும் மட்டுமே போய் வந்தார். 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் என்று எண்ணிப் பார்த்து, தேக்காவையும் கேலாங் சிராயையும் பார்க்க விட்டார்கள். 2022 ஜூன் வரை வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. உடம்பைக் காப்பாற்றிவிட்டு மனதை இரண்டு வருஷம் பூட்டி வைத்தால் அது முழு ஆரோக்கியம் ஆகுமா? கோயில் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதும் மருந்துதான் என்பதைத் தொழிலாளிதான் அறிவான்.

என் சொந்தக் குறை

சிங்கப்பூரை மட்டும் பேசிவிட்டு நான் தப்பிக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் டெங்கி வந்தது. வாரா வாரம் லயத்தைச் சுற்றினேன், தொட்டி தொட்டியாகப் பார்த்தேன், மருந்து போட்டேன். ஆனாலும் காய்ச்சல் நிற்கவில்லை. கடைசியில்தான் தெரிந்தது, செம்பனைக் காட்டுக்குப் பின்னால் காண்டிராக்டர் கொண்டு வந்த வெளிநாட்டு ஆட்களின் கொங்சி ஒன்று இருந்தது. திறந்த பீப்பாய்களில் மழைத் தண்ணீர். உள்ளே இரண்டு பேர் நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தார்கள்.

அவர்கள் பெயர் என் ரிஜிஸ்டரில் இல்லை. "அவங்க காண்டிராக்டர் ஆளுங்க, நம்ம கணக்குல இல்ல" என்று ஆபீசில் சொன்னார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். கொசு அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அங்கே கடித்துவிட்டு வந்து நம் லயத்துப் பிள்ளையையும் கடித்தது. அந்தப் பிள்ளை பிழைத்தது தெய்வாதீனம். அன்றிலிருந்து என் ரிஜிஸ்டரில் ஒரு பக்கம் தனியாகப் போட்டிருக்கிறேன். தோட்ட எல்லைக்குள் யார் படுத்தாலும் பெயர் அதில் ஏறும்.

நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் இப்படி எண்ணப்படாத ஆட்களாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானே! இன்றைக்கு அந்த இடத்தில் வேறு பாஷை பேசுகிறவர் இருக்கிறார். அவ்வளவுதான் மாற்றம்.

நாம் செய்ய வேண்டியவை

1. உங்கள் தோட்டத்தில் காண்டிராக்ட் ஆட்கள் எத்தனை பேர், எங்கே படுக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு.

2. நம் நாட்டில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச அளவுச் சட்டம் 1990ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் இருந்தது, 2020 ஜூன் 1 முதல் மற்றத் தொழில்களுக்கும் வந்துவிட்டது. கூரை ஒழுகல், கக்கூஸ் பற்றாக்குறை, கட்டில் நெருக்கடி என்றால் கிளைச் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

3. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அங்கே மூன்று மாத வேலைக்குப் பிறகு சம்பளத்தோடு வியாதி விடுப்பு உரிமை ஆரம்பிக்கிறது. ஆறு மாதம் ஆனால் வருஷத்துக்கு 14 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் வரை. லீவு எடுத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். எம்.சி. சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

4. காலில் சின்னப் புண், இரண்டு வாரம் தாண்டிய இருமல், காரணமில்லாத உடம்பு மெலிவு, அடிக்கடி தாகம் இருந்தால் கை வைத்தியத்தோடு விட்டுவிடாதீர்கள். நாற்பதைத் தொட்டவர்கள் வருஷம் ஒரு முறையாவது சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

5. கங்காணிமார்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எம்.சி. கொண்டு வருகிறவனை முறைக்காதீர்கள். இன்றைக்கு மூன்று நாள் லீவு கொடுக்க மனமில்லை என்றால் நாளைக்கு ஓர் ஆளையே இழக்க வேண்டி வரும்.

6. சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது சம்பளத்தோடு கட்டில், தண்ணீர், கக்கூஸ், வியாதி விடுப்பு நான்கையும் ஒரே தாளில் வைக்க வேண்டும். சுகாதார இலாகாவின் கை எட்டாத இடத்தில் சங்கத்தின் கை எட்ட வேண்டும்.

பெரியவரே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அங்கே ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை, டாக்டருக்கும் குறைவில்லை. அந்தப் பிள்ளைகளின் கட்டிலை எண்ணும் அதிகாரமும் அவர்கள் உடம்பைக் காக்கும் பொறுப்பும் வேறு வேறு மேசையில் இருந்தன. இரண்டும் ஒரே மேசைக்கு வர 54,505 நோயாளிகள் தேவைப்பட்டார்கள். நம் தோட்டத்தில் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை மாத்திரை வாங்க வரும்போது, உங்கள் லயத்துக்குப் பின்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் யார் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.